சிஆர்ஓ திரைக்குப் பின்னாடி ஒருத்தர்



முதல்ல ஒரு சின்னக் கேள்வி. ஒரு பழைய கம்ப்யூட்டர். அதோட மானிட்டர் செத்துப் போச்சு, ஆனா கம்ப்யூட்டர் நல்லா ஓடுது. நீங்க என்ன பண்ணுவீங்க? வேற மானிட்டர் வாங்கி மாட்டிட்டுப் போயிட்டே இருப்பேன்னுதானே சொல்றீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த நினைப்பு என்னை 1897-ஆம் வருஷத்துக்குக் கூட்டிட்டுப் போகும்னு எனக்கு அப்போ தெரியாது.

நம்ம ஒர்க்‌ஷாப்புல ஒரு பழைய சிஎன்சி லேத் இருக்கு, பார்த்திருப்பீங்க. நாம பிறக்கறதுக்கு முன்னாடியே காலேஜுக்கு வந்த மெஷின். ஸ்பிண்டில் சுத்தும், டூல் நகரும், எந்தக் குறையும் இல்லை. ஆனா அதோட கண்ட்ரோலர் கம்ப்யூட்டர்ல இருந்த சிஆர்டி திரை மட்டும் போன செமஸ்டர்ல இருண்டு போச்சு. திரை இல்லைன்னா புரோகிராம் எந்த வரியில ஓடுது, டூல் எங்கே நிக்குதுன்னு எதுவுமே தெரியாது. கண்ணைக் கட்டிக்கிட்டு லேத் ஓட்ட முடியுமா? அதனால மெஷினையே பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு பேச்சு வந்துச்சு. நாங்க மூணு பேர் ஃபைனல் இயர் பிராஜெக்டா அதை எடுத்துக்கிட்டோம்.

கண்ட்ரோலர் போர்டுல இருந்து மானிட்டருக்குப் போன ஒயர்களை எண்ணிப் பார்த்தோம். சிவப்பு, பச்சை, நீலம், ஹெச்-சிங்க், வி-சிங்க், அப்புறம் கிரவுண்ட். அட, விஜிஏ கேபிளுக்கும் இதே அஞ்சு சிக்னல்தானே! சந்தோஷமா சால்டர் பண்ணி ஒரு எல்சிடி மானிட்டரை மாட்டினோம். கறுப்புத் திரையில ஒரு சின்னப் பெட்டி வந்து, அவுட் ஆஃப் ரேஞ்ச்னு சொல்லிட்டு அணைஞ்சு போச்சு. வேற மானிட்டர் மாட்டினோம். அதுவும் அதையேதான் சொல்லுச்சு.

லேப் அண்ணாதான் ஒரு பழைய சிஆர்ஓ-வைத் தள்ளிட்டு வந்தார். முதல் வருஷ லேப்ல நாம எல்லாரும் சைன் வேவ் பார்த்து, கிராஃப் ஷீட்ல வரைஞ்ச அதே சிஆர்ஓ. ஹெச்-சிங்க் ஒயர்ல புரோபை வெச்சு, டைம் பர் டிவிஷனை 20 மைக்ரோ செகண்டுல நிறுத்தினார். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல மூணு கட்டத்துக்குக் கொஞ்சம் மேல இருந்துச்சு. அதாவது சுமார் 64 மைக்ரோ செகண்ட். கிட்டத்தட்ட 15.7 கிலோஹெர்ட்ஸ். விஜிஏ மானிட்டர் எதிர்பார்ப்பது 31.5 கிலோஹெர்ட்ஸ். பிளக் பொருந்தினாலும் நேரம் பொருந்தலை. அதுதான் வியாதி.

அந்த நிமிஷம் ஒரு விஷயம் உறைச்சுது. செத்துப்போன திரை ஒரு சிஆர்டி. அது ஏன் மாத்த முடியாம அடம் பிடிக்குதுன்னு எங்களுக்குக் காட்டினதும் ஒரு சிஆர்டி. ரெண்டுக்கும் அப்பா ஒருத்தர்தான். அவர் யாருன்னு தேடிப் போனப்போ கிடைச்ச வாழ்க்கைதான் இந்தக் கட்டுரை. அவர் பேர் கார்ல் ஃபெர்டினான்ட் பிரௌன். ஷேவர் கம்பெனிக்காரர் இல்லைங்க, ராக்கெட் விட்ட வெர்னர் ஃபான் பிரௌனும் இல்லை. அவங்க வேற, இவர் வேற.

பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரு கல்லும்

பிரௌன் பிறந்தது 1850 ஜூன் 6-ஆம் தேதி, ஜெர்மனியில் ஃபுல்டா என்ற ஊரில். அப்பா அரசு வேலையில் இருந்தவர். பிரௌன் மார்புர்க்கில் படிப்பைத் தொடங்கி, பெர்லினுக்குப் போய் 1872-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆராய்ச்சித் தலைப்பு, கம்பிகளும் மீள்தன்மை உள்ள தண்டுகளும் எப்படி அதிர்கின்றன என்பது. வாழ்க்கை முழுக்க அவரை விடாமல் துரத்தப் போகும் அதிர்வு, ஆரம்பத்திலேயே கூட வந்துவிட்டது பாருங்க.

டாக்டர் பட்டம் வாங்கினவுடனே புரொஃபசர் நாற்காலி கிடைக்கவில்லை. கொஞ்ச காலம் ஒரு பேராசிரியருக்கு உதவியாளராக இருந்துவிட்டு, 1874-இல் லைப்சிக் நகரத்தில் தாமஸ் பள்ளியில் வாத்தியார் வேலையில் சேர்ந்தார். பிளேஸ்மென்ட்ல நினைச்ச கம்பெனி கிடைக்கலைன்னு உட்கார்ந்து இருக்கறவங்க இதைக் கவனிக்கணும். அவர் உட்கார்ந்து விடவில்லை. பசங்களுக்காகக் கணக்கும் அறிவியலும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வகுப்பு முடிந்த நேரத்தில் ஆராய்ச்சியும் பண்ணினார்.

அந்த வருஷமே ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். கலீனா மாதிரி உலோக சல்ஃபைடு படிகங்களை ஒரு உலோக முனையால் தொட்டு மின்சாரம் பாய்ச்சினால், ஒரு திசையில் நன்றாகப் போகிறது, திருப்பிப் போட்டால் போக மாட்டேன் என்கிறது. ஓம் விதி நமக்கு எவ்வளவு புனிதமோ, அந்தக் காலத்து இயற்பியல்காரர்களுக்கும் அவ்வளவு புனிதம். ஒரு கல் அதற்கு அடங்க மாட்டேன் என்றால் யார் நம்புவார்? அதை என்ன செய்வது என்றும் அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. பிரௌன் அளந்தார், எழுதினார், பத்திரிகையில் வெளியிட்டார். அது அப்படியே கிடந்தது.

இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல் கழித்து, ரேடியோ வந்த பிறகுதான் அந்தக் கல்லுக்கு வேலை வந்தது. ரேடியோ அலையைப் பிடித்துத் தரும் கிரிஸ்டல் டிடெக்டர் அதுதான். நம்ம ஜகதீஷ் சந்திர போஸ் கலீனா டிடெக்டருக்கு அமெரிக்கப் பேட்டன்ட் வாங்கியது 1904-இல். டயோடு என்று நாம் இன்றைக்குச் சொல்லும் செமிகண்டக்டர் கதையின் முதல் பக்கங்களில், லைப்சிக் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தரின் பெயர் இருக்கிறது.

ஊர் ஊராக

அதற்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் அவரைக் கூப்பிட ஆரம்பித்தன. 1877-இல் மார்புர்க், பிறகு ஸ்ட்ராஸ்பூர்க், 1883-இல் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கல்லூரி, 1885-இல் ட்யூபிங்கன். ட்யூபிங்கனில் இயற்பியலுக்கு ஒரு தனி நிறுவனம் எழும்ப அவர்தான் காரணம். கெமிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு ஒரு செய்தி: நீங்க லு ஷாத்லியே விதின்னு படிக்கிறதைச் சில புத்தகங்கள் லு ஷாத்லியே–பிரௌன் விதின்னு சொல்லும். அந்த பிரௌனும் இவரேதான்.

1895-இல் மறுபடியும் ஸ்ட்ராஸ்பூர்க். இந்த முறை இயற்பியல் நிறுவனத்துக்கே தலைவர். இன்றைக்கு அந்த ஊர் பிரான்ஸில் இருக்கிறது. அன்றைக்கு ஜெர்மன் பேரரசின் ஊர். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

மின்சாரத்தின் முகம்

அந்த வருஷங்களில் மாறுமின்சாரம் ஊர்களுக்குள் வந்துகொண்டிருந்தது. ஆனால் அதன் உருவத்தைக் கண்ணால் பார்க்க நல்ல வழி இல்லை. நாம் இன்றைக்கு சைன் வேவ் என்று அலட்சியமாக வரைகிறோம். ஒரு நொடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்கும் ஒன்றை முள் வைத்த மீட்டரால் எப்படித் தொடர முடியும்? முள்ளுக்கு எடை இருக்கிறது. அது கிளம்புவதற்குள் மின்சாரம் திரும்பி வந்துவிடும்.

பிரௌன் கேட்ட கேள்வி இதுதான்: எடையே இல்லாத மாதிரி ஒரு முள் கிடைத்தால்? காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் பாயும் கேதோடு கதிர் அவருக்கு முள்ளாகத் தெரிந்தது. அதன் பாதையில் ஒரு சிறு துளை வைத்து மெல்லிய கற்றையாக்கினார். குழாயின் மறுமுனையில் ஒளிரும் பூச்சு பூசிய திரை. வெளியே ஒரு கம்பிச்சுருள். ஆராய வேண்டிய மின்னோட்டத்தை அந்தச் சுருளில் விட்டால், காந்தப்புலம் கற்றையை இழுக்க, திரையில் ஒளிப்புள்ளி மேலும் கீழும் ஆடும். குழாயைச் செய்து கொடுத்தவர் பான் நகரத்துக் கண்ணாடிக் கைவினைஞர் ஃபிரான்ஸ் முல்லர்.

புள்ளி மேலும் கீழும் ஆடினால் நமக்கு ஒரு கோடுதான் தெரியும். அலை எப்படித் தெரியும்? அதற்கு ஒரு சுழலும் கண்ணாடியை வைத்தார். அந்தக் கண்ணாடியில் பார்க்கும்போது கோடு பக்கவாட்டில் விரிந்து அலையாகத் தெரிந்தது. காலத்தை இடமாக மாற்றிக் காட்டிவிட்டார்! கட்டுரை 1897 பிப்ரவரியில் வந்தது. அந்தக் கதிர் எதனால் ஆனது என்று ஜே.ஜே. தாம்சன் இங்கிலாந்தில் அறிவித்தது அதே வருஷம் ஏப்ரல் கடைசியில். அதாவது, எலக்ட்ரான் என்ன என்று உலகத்துக்குத் தெரியும் முன்பே, அதை ஒருத்தர் பேனாவாக வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, 1899-இல், அவருடைய உதவியாளர் யோனாதான் சென்னெக் இன்னொரு வேலை செய்தார். சுழலும் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, கற்றையையே சீரான வேகத்தில் பக்கவாட்டில் நகர்த்தினார். நம்ம சிஆர்ஓ-வில் டைம் பர் டிவிஷன் என்று ஒரு குமிழ் இருக்கிறதே, அதோட பூர்வீகம் இதுதான். டிவியிலும் கம்ப்யூட்டர் மானிட்டரிலும் வரி வரியாகப் படம் வரைவதற்கும் இதே மாதிரி ஒரு பக்கவாட்டு ஓட்டம்தான் வேணும். எங்க லேத் மானிட்டர் நொடிக்கு 15,700 தடவை செய்துகொண்டிருந்தது அந்த வேலையைத்தான்.

இங்கேதான் முக்கியமான இடம். பிரௌன் இந்தக் குழாய்க்குப் பேட்டன்ட் எடுக்கவில்லை. எப்படிச் செய்வது என்று எழுதி வெளியிட்டார், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். செய்தார்கள். 1906-இல் அவருடைய மாணவர் மாக்ஸ் டீக்மான் அதில் உருவங்களைக் காட்டிப் பார்த்தார். 1907-இல் ரஷ்யாவில் போரிஸ் ரோசிங் அதைத் தொலைக்காட்சிக்கு எடுத்துக்கொண்டார். 1926-இல் ஜப்பானில் கென்ஜிரோ தகாயானகி அந்தக் குழாயில் ஒரே ஒரு எழுத்தைத் தெரிய வைத்தார். அது நம்ம இகரத்தின் ஒலி கொண்ட ஜப்பானிய எழுத்து. இன்றைக்கும் ஜப்பானியர்கள் பழைய டிவி குழாயை பிரௌன் குழாய் என்றுதான் சொல்கிறார்கள்.

கம்ப்யூட்டருக்குள்ளும் அது திரையாக மட்டும் போகவில்லை. 1948-இல் மான்செஸ்டரில் ஓடிய பேபி என்ற கம்ப்யூட்டர், தன் 32 சொற்களையும் ஒரு சிஆர்டி குழாயின் முகத்தில் மின்னூட்டமாகத்தான் சேமித்து வைத்திருந்தது. கம்ப்யூட்டருக்கு அது முகம் மட்டும் இல்லை, ஞாபக சக்தியாகவும் இருந்திருக்கு!

பேட்டன்ட் எடுத்த கதை

பேட்டன்டே வேண்டாம் என்று இருந்த துறவி இல்லை அவர். இன்னொரு விஷயத்துக்கு எடுத்தார். அந்தக் கதை வேறு மாதிரி முடிந்தது.

1898 வாக்கில் கம்பியில்லாத் தந்தி பக்கம் திரும்பினார். மார்க்கோனி அப்போதே உலகப் புகழ். ஆனால் மார்க்கோனியின் ஆரம்ப டிரான்ஸ்மிட்டரில் தீப்பொறி இடைவெளி நேராக ஆன்டெனாவிலேயே இருந்தது. அலை கிளம்பிய வேகத்தில் அடங்கிவிடும். ரொம்ப தூரம் போகாது. பிரௌன் தீப்பொறியைக் கெபாசிட்டரோடு சேர்த்து ஒரு தனி மூடிய சுற்றில் வைத்தார். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி இணைப்பு வழியாக ஆன்டெனாவுக்குச் சக்தியைக் கொடுத்தார். இரண்டு சுற்றும் ஒரே அதிர்வெண்ணுக்கு இசைந்தால்தான் வேலை நடக்கும். பாருங்க, மறுபடியும் அதேதான்: ஒயர் சேர்ந்தால் போதாது, அதிர்வும் சேரணும்.

குக்ஸ்ஹாஃபெனிலிருந்து ஹெலிகோலாந்து தீவு வரை, வட கடலின் மேல் அறுபது கிலோமீட்டருக்கு மேல், 1900-இல் செய்தி போய்ச் சேர்ந்தது. பேட்டன்ட், கம்பெனி என்று வியாபாரம் வளர்ந்தது. 1903-இல் போட்டிக் கம்பெனியோடு இணைந்து டெலிஃபுங்கன் உருவானது. 1909-இல் இயற்பியல் நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரௌனுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அது ரேடியோவுக்கு. அவர் பெயரை வீடு வீடாகக் கொண்டுபோகப் போகும் குழாய்க்கு இல்லை.

1914-இல் முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மனியின் கடலடி கேபிள்களைப் பிரிட்டன் அறுத்துவிட்டது. அமெரிக்காவோடு பேச ஜெர்மனிக்கு மிச்சம் இருந்த முக்கிய வழிகளில் ஒன்று, நியூயார்க் பக்கத்தில் சேவில் என்ற ஊரில் டெலிஃபுங்கன் கட்டிய ரேடியோ நிலையம். அந்த நிலையம் தன் பேட்டன்ட்டை மீறுகிறது என்று மார்க்கோனி கம்பெனி வழக்குப் போட்டது. நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரெண்டு பேரும் இப்போது எதிரெதிர் பக்கம். சாட்சி சொல்ல அறுபத்து நாலு வயது பிரௌன், உடல்நலம் சரியில்லாத நிலையிலும், போர்க்கப்பல்கள் காவல் காக்கும் அட்லான்டிக் கடலைத் தாண்டிக் கப்பல் ஏறினார். அன்றைக்கு சுழலும் கண்ணாடியைத் தூக்கி எறிந்த சென்னெக்கும் கூடப் போனார்.

1915 ஜூலையில் சேவில் நிலையத்தை அமெரிக்கக் கடற்படையே எடுத்துக்கொண்டது. பிரௌன் திரும்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். புரூக்ளினில் மகன் வீட்டில் தங்கினார். 1917 ஏப்ரலில் அமெரிக்காவும் போரில் இறங்கியதும், அவர் எதிரி நாட்டுக் குடிமகன் ஆனார். ஜெயிலில் போடவில்லை, ஆனால் ஊருக்குப் போகும் கதவு மூடிவிட்டது. 1918 ஏப்ரல் 20-ஆம் தேதி, அறுபத்தேழு வயதில், புரூக்ளினிலேயே இறந்துபோனார். போர் முடிந்தது நவம்பரில். அதற்குள் அவர் இருந்திருந்தாலும், திரும்பிப் போய்ச் சேரும்போது ஸ்ட்ராஸ்பூர்க் ஜெர்மனியில் இருந்திருக்காது. அவருடைய அஸ்தி பிறகு பிறந்த ஊரான ஃபுல்டாவில் அடக்கம் செய்யப்பட்டது.

பேட்டன்ட் எடுக்காத குழாய் யாரையும் கேட்காமல் உலகம் முழுக்கப் போனது. பேட்டன்ட் எடுத்த ரேடியோ அவரைக் கோர்ட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், அங்கேயே விட்டுவிட்டது. பேட்டன்டே தப்புன்னு நான் சொல்ல வரலை. அந்த ரேடியோ வளர்ந்ததற்கு அந்தக் கம்பெனிப் பணமும் ஒரு காரணம். ஆனா இந்த ரெண்டு கதையும் ஒரே மனுஷனுக்கு நடந்துச்சுங்கறதை என்னால சுலபமா மறக்க முடியலை.

மறுபடியும் ஒர்க்‌ஷாப்புக்கு

இப்போ நம்ம லேத்துக்கு வருவோம். உங்க கையிலயும் இந்த மாதிரி ஒரு பழைய மெஷின் வரலாம், அதனால சொல்றேன். பிளக்கைப் பார்த்து ஏமாறாதீங்க. பழைய ஐபிஎம் பிசி காலத்துல சிஜிஏ, எம்டிஏ, ரெண்டுக்கும் ஒரே 9 பின் பிளக்தான். ஆனா ஒண்ணு 15.7 கிலோஹெர்ட்ஸ், இன்னொண்ணு 18.4. மாத்திப் போட்டா சில பழைய மானிட்டர்கள் கெட்டே போயிடும். 1987-இல் வந்த விஜிஏ-தான் 31.5-க்குப் போச்சு. அதனால முதல்ல சிஆர்ஓ-வை எடுத்து ஹெச்-சிங்க், வி-சிங்க் ரெண்டையும் அளங்க. அப்புறம் கலர் சிக்னல் அனலாகா, டிஜிட்டலா, எத்தனை வோல்ட்டுன்னு பாருங்க. எல்லாம் தெரிஞ்ச பிறகு மானிட்டர் தேடுங்க. இன்னொண்ணு, சிஆர்டி மானிட்டரை நீங்களா திறக்காதீங்க. சுவிட்சை அணைச்ச பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். லேப் அண்ணா எங்களைத் தொடவே விடலை.

15.7-ஐ நேரா வாங்கிக்கற எல்சிடி ரொம்பக் குறைவு. பெரும்பாலானவை 30-க்குக் கீழே இறங்காது. அதனால நாங்க நடுவுல ஒரு கன்வர்ட்டர் போர்டு போட்டோம். பழைய வரிகளை மெமரியில வாங்கி வெச்சு, ரெட்டிப்பு வேகத்துல விஜிஏ-வா வெளியே விடும். முதல் தடவை படம் இடது பக்கம் ஒதுங்கி, ஓரம் வெட்டுப்பட்டு வந்துச்சு. ஒரு சாயந்திரம் முழுக்க அட்ஜஸ்ட் பண்ணி நடுவுக்குக் கொண்டு வந்தோம். எக்ஸ், இசட் எண்கள் திரையில ஓட ஆரம்பிச்சதும் நாங்க மூணு பேரும் போட்ட சத்தத்துல பக்கத்து லேப்ல இருந்து ஆள் வந்துட்டாங்க.

அந்த எல்சிடி-க்குள்ள இருக்கற டிரான்சிஸ்டரும், பின்னாடி எரியற எல்இடி-யும் செமிகண்டக்டர்தான். 1874-இல் ஒரு வாத்தியார் கல்லைத் தொட்டுப் பார்த்த கதையோட வாரிசுகள். பிரௌன் குழாய் இருந்த இடத்துல உட்கார்ந்ததும் ஒரு வகையில பிரௌன் வீட்டுப் பிள்ளைதான்.

லேத் இப்போ பழைய இரும்புக்குப் போகலை. செகண்ட் இயர் பசங்க அதுல வேலை செய்யறாங்க. நாங்க அளந்த அதிர்வெண்கள், எந்தப் பின்னுல எந்த ஒயர், கன்வர்ட்டர் செட்டிங்ஸ், எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி, லேமினேட் பண்ணி, கண்ட்ரோலர் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிட்டோம். நாங்க மே மாசம் கிளம்பிடுவோம். இந்த எல்சிடி-யும் ஒரு நாள் அணையும். அப்போ அந்தக் கதவைத் திறக்கப் போறது நீங்கதான்.